உம்மாக்காயம்

அந்தச் சொல்லை ஷஃபீகா முதன்முதலில் பார்த்தது கூடப்பிறந்த ராத்தா மைதீன் பாத்திமாவின் உதட்டில். மூளைக்காய்ச்சலில் காது இரண்டும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து மேலப்பாளையம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த நாள் அது. ஷஃபீகா அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த பிள்ளை. ராத்தா நடையில் நின்றுகொண்டு உதட்டைக் குவித்தாள், மூடினாள், திறந்தாள். உம்மா.

காய்ச்சலுக்கு முன்னால் கேட்ட சொல்தான், பெற்றவளைக் கூப்பிடுகிற சொல். அதன் ஓசைகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. பெண்பிள்ளைகளை ‘வா உம்மா, போ உம்மா’ என்று கொஞ்சுவது அந்தத் தெருவில் உள்ளதுதான். ராத்தா மட்டும் அதுவரை அவளைக் கொஞ்சியதே கிடையாது. சாகக் கிடந்து எழுந்துவந்தால் ராத்தாவுக்குக்கூடப் பாசம் வந்துவிடுகிறது என்று ஷஃபீகா நினைத்துக்கொண்டாள். பிறகு தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. தயிர்க்காரி, ஓதிக்கொடுத்த ஆலிமா, எதிர்வீட்டு நஃபீஸத், எல்லார் உதடும் குவிந்து, மூடி, திறந்தது. ஒரு நோய் வந்ததில் இவ்வளவு லாபமா என்று இருந்தது அவளுக்கு.

பாளையங்கோட்டையில் காது கேளாதவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தார்கள். அங்கே எழுத்தும் கைப்பேச்சும் படித்தாள். தொண்டையில் கை வைத்துப் பேசவும் சொல்லிக்கொடுத்தார்கள். பேச வந்தது. ஆனால் லீவுக்கு வீட்டுக்கு வந்து ‘தண்ணி’ என்று கேட்டபோது நஃபீஸத்தின் கைக்குழந்தை பயந்து அழுதது. ராத்தா தன் வாயைப் பொத்திக் காட்டினாள். அதன்பிறகு ஷஃபீகா நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

பேசச் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒன்று சொல்லியிருந்தார். உதட்டை மட்டும் நம்பாதே, உதட்டில் பாதிச் சொல்தான் தெரியும், மீதியை நீயாக நிரப்பிக்கொள்வாய், கவனமாக இரு என்று. ஷஃபீகா கவனமாகத்தான் இருந்தாள். கடைக்காரனிடம், டாக்டரிடம், பஸ் கண்டக்டரிடம். வீட்டில் எதற்குக் கவனம்.

அண்ணன் முகம்மது இப்ராஹிமின் பெண்டாட்டி பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். அண்ணன் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் சவுதிக்கு, தம்மாமுக்குப் போய்விட்டான். தொட்டிலில் கிடந்த அலி அஸ்கரை ஷஃபீகா எடுத்தாள். ராத்திரி அவன் அழுதால் தனக்குக் கேட்காதே என்று, தொட்டில் கயிற்றின் ஒரு நுனியைத் தன் கைமணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தாள். கயிறு ஆடினால் எழுந்துவிடுவாள். இரண்டாந்தாரமாகக் கேட்டு வந்தவர்களையும் ஒரு மூத்த கடைக்காரரையும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். பீடி சுற்றினாள். பையன் அவளைப் பார்த்து முதல் சொல் சொன்னபோது அவன் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தாள். சின்ன உதடு குவிந்தது, மூடியது, திறந்தது.

மற்றவர்கள் சொன்னது கொஞ்சல். இவன் சொன்னது உறவு. அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

அவன் வளர்ந்து, படித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். காது கேளாதவர்களுக்காக, பேசுவதையெல்லாம் எழுத்தாக்கிக் காட்டும் ஒரு செயலியை அந்தக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவு என்றான். பெயர் துணைச்செவி. கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஷஃபீகாவின் படத்தைப் போட்டு, கீழே ‘என் தாய்க்காக’ என்று எழுதியிருந்தார்கள். அலி அஸ்கர் அதை அனுப்பியபோது அவள் ரொம்ப நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாட்ஸப்பில் அனுப்பும் செய்திகளில் கூப்பிடுகிற சொல் எதுவும் இருக்காது. ‘சாப்பிட்டாச்சா’, ‘மருந்து போட்டாச்சா’, அவ்வளவுதான். எழுத்தில் அவன் தாய் என்று சொல்லி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பொட்டல்புதூரில் அவனுக்குப் பெண் நிச்சயமானது. பெண்ணின் பெயர் ஸமீஹா. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே லீவு போட்டு வந்துவிட்டான். வந்த அன்றே ஷஃபீகாவை எதிரில் உட்காரவைத்துக் கையால் சொன்னான். தன் கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு வளையம் போட்டான். பிறகு அவளைக் காட்டினான். கருகமணி நீங்கதான் கட்டணும்.

நிக்காஹ் முடிந்ததும் மணப்பெண் கழுத்தில் கருகமணி கட்டுவது மாப்பிள்ளையின் உம்மா. உம்மா இல்லாத வீட்டில் மூத்த மாமி, வாப்பாவோடு பிறந்த மூத்தவள், கட்டுவாள். மூத்தவள் மைதீன் பாத்திமா இருக்கும்போது இளையவளைக் கட்டச் சொல்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஷஃபீகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டுகிறேன் என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்த ஒரு நாளுக்காகவே இருந்தாள்.

மறுநாள் அவன் துணைச்செவியை அவள் போனில் போட்டுக் கொடுத்தான். காலையில் வீட்டு நடையில் பெண்கள் பீடித் தட்டுகளோடு உட்கார்ந்ததும், ஷஃபீகா தன் தட்டில் இலைக்கட்டுக்குச் சாய்வாகப் போனை நிறுத்தினாள். யார் பேசினாலும் பெயர் போட்டு எழுத்து வரும். வந்தது.

மைதீன் பாத்திமா: பையை வாழ. தட்டு சரிந்து ரப்பர் போகுது.

ராத்தா சொன்னது ‘பைய வாளா, தட்டு சரிஞ்சிரப் போவுது’ என்று அலி அஸ்கர் எழுதிக் காட்டினான். யாரோ இறந்துபோனதை மவுத்தாகிவிட்டார் என்று நஃபீஸத் சொன்னதற்கு, ‘அவர் மவுஸ் ஆயிட்டார்’ என்று வந்தது. அதை அவன் சத்தமாக வாசித்ததும் நடை குலுங்கியது.

“எலியாப் போனாரா மனுசன்? உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான் வளைக்குள்ளேயே கெடந்தாரு” என்றாள் நஃபீஸத். 

ஷஃபீகாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தபோது திரையில் ஒரு வரி மட்டும் சுத்தமாக வந்திருந்தது.

மைதீன் பாத்திமா: உம்மா சிரிக்கா பாரு.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தச் சொல்லை விரலால் தொட்டாள். தொட்டதும் எழுத்து பெரிதானது. இத்தனை வருசம் உதட்டில் பார்த்ததை மெஷினும் ஒத்துக்கொண்டுவிட்டது.

“நம்ம ஊர்ப் பேச்சு அதுக்குத் தெரியல. மெட்ராஸ் பேச்சத்தான் படிச்சிருக்கு” என்று அலி அஸ்கர் பெரிய மாமியிடம் சொன்னான். “நம்ம வீட்டுப் பேச்சக் குடுத்துப் படிக்க வைக்கணும்.”

“படிக்க வச்சா அதுக்கும் ஒரு பொண்ணு பாத்துருவோம்” என்றாள் மைதீன் பாத்திமா.

அந்த வாரம் முழுக்கப் போன் நடையிலேயே கிடந்தது, எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டு. நஃபீஸத் முதலில் வெட்கப்பட்டாள், அப்புறம் போனைப் பார்த்தே தன் மாமியார் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தம்மாமிலிருந்து இடுப்பு வலியோடு ஒரேயடியாகத் திரும்பிவிட்ட முகம்மது இப்ராஹிம், பேப்பர் வாசிக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். மாலையானால் அலி அஸ்கர் காதில் மாட்டிக்கொண்டு, கேட்டதை வரி வரியாக டைப் அடிப்பான். இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம்.

ஷஃபீகா அவன் தோளைத் தட்டினாள். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, போனைக் காட்டினாள். என் குரல்?

அவன் சிரித்தான். கையால் சொன்னான். நீங்க வாசிக்கிறதுக்குத்தான் இது. உங்க சத்தம் எதுக்கு.

அதுவும் சரிதானே என்று அவள் தட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

புதுத் துணைச்செவி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. ஷஃபீகா இலையை வெட்டக்கூட மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடையில் பேசுவதெல்லாம் உள்ளது உள்ளபடி ஓடியது. ‘அங்கன வைக்காத, இங்கன வை.’ ‘அவ மருமவ என்ன சொல்லுதாளாம் தெரியுமா?’ இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்து வாய்களைப் பார்த்தாளே ஒழிய, இவர்கள் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நஃபீஸத்தின் மாமியார் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவாள் என்ற கதைக்கு, எல்லாரோடும் சேர்ந்து அதே நேரத்தில் சிரித்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. எப்போதும் எல்லாரும் சிரித்து முடித்தபிறகுதான் அவள் முறை வரும்.

அப்புறம் அந்த வரி வந்தது.

மைதீன் பாத்திமா: ஏளா நஃபீஸத்து, ஊமகிட்ட அந்தத் தூள் டப்பாவ வாங்கு.

தூள் டப்பா ஷஃபீகாவின் தட்டில் இருந்தது. அவள் நிமிர்ந்து, நடையில் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. நஃபீஸத் டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

நஃபீஸத்: ஊம என்ன இன்னைக்குப் போனையே மொறச்சிக்கிட்டு இருக்கா?

மைதீன் பாத்திமா: ஊமைக்கு என்ன, புது வெளையாட்டுச் சாமான்.

ஷஃபீகா ராத்தாவின் உதட்டைப் பார்த்தாள். குவிந்தது. மூடியது. திறந்தது. அவள் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. கையில் இருக்கும் பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். அண்டா, குத்துப்போணி என்று பாத்திரத்தைச் சொல்வது மாதிரி. அது பெயராகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே ஆகியிருக்க வேண்டும்.

இருக்கட்டும் என்று நினைத்தாள். இவர்களுடைய கொஞ்சல் பொய்யாகப் போனால் போகட்டும். அவளுக்கு வேண்டியது வேறு வாய்.

மத்தியானம் அலி அஸ்கர் வெளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினான். அடுப்படியில் இருந்த பெரிய மாமியிடம் என்னவோ கேட்டான். ஷஃபீகா உள்அறையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

அலி அஸ்கர்: பெரிய மாமி, ஊம சாப்பிட்டாச்சா?

அவள் அதைத் திரும்பவும் வாசித்தாள். அக்கறையோடு கேட்டிருக்கிறான். அவள் சாப்பிட்டாளா என்று இந்த வீட்டில் கேட்கிற ஒரே ஆள் அவன்தான்.

அவன் உள்ளே வந்ததும் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் வாசித்தான். காதுமடல் சிவந்தது. கை இரண்டும் பேச மறந்துபோய், வாயாலேயே சொன்னான்.

அலி அஸ்கர்: அது தப்பா எழுதுது. இன்னும் படிக்கணும் அது. சரி பண்ணிருதேன்.

அன்று முழுக்க லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் திரையில் அந்தச் சொல் இல்லை. 

மைதீன் பாத்திமா: உம்மாவக் கூப்பிடு, ஆப்பம் ஆறுது.

அலி அஸ்கர்: உம்மா அப்பதே சாப்பிட்டாச்சு.

ஷஃபீகாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மெஷினின் தப்பை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளை மாதிரி தன் கையால் வளர்த்தவனைச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது. அவனுக்குப் பிடித்த பலகாரம் என்று வாடா வாங்க ஆள் அனுப்பினாள். கருகமணிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கறுப்பு மணிகளுக்கு நடுவில் தங்கக் குண்டு மணிகள் கோத்த சரம். திரும்பவும் மூடி பீரோவில் வைத்தாள்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது முகம்மது இப்ராஹிமின் இடுப்பு. குளியலறைப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் வந்து அழுத்திப் பார்த்தார். எலும்பு முறிந்திருக்குமோ என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஷஃபீகா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆண் குரல்: பயப்படாதீங்க. முறிவெல்லாம் இல்ல. உம்மாக்காயந்தான்.

உம்மாக்காயம் என்றால் என்ன என்று ஷஃபீகா யோசித்தாள். அப்படி ஒரு காயத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் இல்லை. உம்மா அடித்தால் வருகிற காயமோ, உம்மா தடவினால் ஆறிவிடுகிற காயமோ என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தாள்.

நஃபீஸத் முந்தானையால் விசிறிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

நஃபீஸத்: என்ன உம்மா வெயிலு இது. அடிக்கவும் மாட்டேங்கு, அடங்கவும் மாட்டேங்கு. புழுங்கித் தள்ளுது.

வெளியே மேகம் மூடி, புழுக்கமான ஒரு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஷஃபீகா ஜன்னலைப் பார்த்தாள். அந்த வெயிலுக்கு ஊரில் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். காயத்துக்கும் தெரியும். மேகத்துக்குள் புழுங்குவது ஊமைவெயில். வெளியே ரத்தம் காட்டாமல் உள்ளே கன்றிப்போவது ஊமைக்காயம்.

அவன் மெஷினின் தப்பைச் சரி பண்ணவில்லை. புதிதாகப் படித்த மெஷின் தப்பே செய்யவில்லை; ஊர்ப் பேச்சு தெரியாத பழையதுதான் உம்மா என்று தப்பாக எழுதியது. ஊமை என்று எங்கே கேட்டாலும் உம்மா என்று எழுது என்று சொல்லி வைத்திருக்கிறான். அது படித்த பிள்ளை. காயத்தையும் வெயிலையும் கூட விடவில்லை.

பீடித் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தபிறகு இன்னொன்றும் விளங்கியது. நடையில் பேசியதையெல்லாம் கேட்டு டைப் அடித்தது யார். எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று அந்த மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தது அவன் விரல்தான். ராத்தா ஒரு நாளில் எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாள். அத்தனை தடவையும் அவன் அதை அடித்திருக்கிறான். தப்பாக ஒன்றும் அவனுக்குப் படவில்லை. வீட்டில் உள்ள ஒரு ஆளின் பெயர், அவ்வளவுதான்.

தொட்டிலுக்கு மேல் குனிந்திருந்தபோது பார்த்த அந்தச் சின்ன உதடு ஞாபகம் வந்தது. பிள்ளை கேட்டதைத்தானே சொல்லும். வீட்டில் எல்லாரும் அவளை என்ன சொன்னார்களோ அதைத்தான் சொல்லியிருக்கிறான். 

அந்தத் திருத்தத்தை எடுத்துவிடு என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லக் கைகூட எழுந்தது. எடுத்துவிட்டால் கல்யாண மண்டபம் முழுக்க ஒவ்வொரு வாயிலிருந்தும் அந்தச் சொல்லை வாசிக்க வேண்டும். அவளுக்கு அந்தத் தெம்பு இல்லை. பொய் என்று தெரிந்தே விட்டுவிட்டாள். ஆனால் மனதுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டாள். அவன் தன்னை உம்மா என்று கூப்பிட்டால் எழுந்துபோய்க் கருகமணி கட்டுவது. ஊமை என்று கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. இவ்வளவு தெரிந்த உதடு அந்த நேரத்தில் வித்தியாசம் காட்டாமலா போகும் என்று நம்பினாள். வளர்த்த கூலிக்கு வந்து கட்டிவிட்டுப் போ என்கிற மாதிரி அது இருக்கக் கூடாது.

கல்யாணம் மேலப்பாளையத்திலேயே ஒரு மண்டபத்தில். ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். பெண்கள் பக்கம் மேடையில் ஸமீஹா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் ஷஃபீகா. மடியில் கருகமணிப் பெட்டி, கையில் போன். நூறு வாய்கள் ஒரே நேரத்தில் அசைந்தன. திரையில் வரி மேல் வரி ஏறியது. 

பெண் குரல்: மாப்பிள வீட்டு உம்மா இவதானா?

பெண் குரல்: ஆமா, இவதான் வளத்தாளாம்.

நிக்காஹ் முடிந்த சேதி மேலே வந்தது. மேடையில் நெருக்கடி. மைதீன் பாத்திமா பெண் வீட்டாரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம் இருந்தது. உதடு தெரியவில்லை, திரைதான்.

மைதீன் பாத்திமா: உம்மா கையால கட்ட வேண்டாம்னு நா அப்பவே சொன்னேன். நாளைக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?

பெண் குரல்: இருந்தாலும் அவதான வளத்தவ.

மைதீன் பாத்திமா: வளத்தா, நல்லா வளத்தா. நா இல்லைங்கல. அதுக்காக உம்மாவ மேடையில ஏத்தணுமா?

உம்மாவை மேடையில் ஏற்றக் கூடாது என்று உலகத்தில் எவளும் சொல்லமாட்டாள். ஷஃபீகா அதை இன்னொரு தடவை வாசித்தாள். திருத்தம் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையை மாடிக்கு அழைத்து வந்தார்கள். பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுப்பதற்கு. அலி அஸ்கர் மாலையோடு வந்து மேடையில் நின்றான். பெண்ணின் வாப்பா அவனது வலது கையைப் பிடித்திருந்தார். இடது கையை வீடியோக்காரன் சொன்னபடி ஸமீஹாவின் நாற்காலியில் வைத்திருந்தான். கை இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி. லைட் கண்ணில் அடிக்க, அவன் கூட்டத்தில் தேடினான். கண் ஷஃபீகாவிடம் வந்து நின்றது.

அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் போனைத் தாழ்த்திவிட்டு அவன் உதட்டைப் பார்த்தாள். இருபத்தைந்து வருசமாக அவள் அறிந்த உதடு. குவிந்தது. மூடியது. திறந்தது. 

அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.

திரையைப் பார்த்தாள்.

அலி அஸ்கர்: உம்மா எங்க? உம்மாவ வரச் சொல்லுங்க. கருகமணி கட்டணும்.

பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தோளைத் தொட்டு, போங்க என்று கண்ணைக் காட்டினாள். அவர்கள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஷஃபீகா பார்த்தாள். உம்மாவைப் பார்க்கிற முகமா, ஊமையைப் பார்க்கிற முகமா. இரண்டுக்கும் மனிதர்கள் ஒரே மாதிரி இரக்கத்தோடுதான் சிரிக்கிறார்கள்.

ஒரு சொல்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை அவன் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொல்லியிருந்தால், அதை அவளிடம் கொண்டுவந்து சேர்க்க இருந்த ஒரே வழியையும் அவனே அடைத்து வைத்திருந்தான். உம்மா என்று உண்மையாகவே கூப்பிட்டாலும் இந்தத் திரை இதைத்தான் காட்டும். 

அவள் எழுந்திருக்கவில்லை.

அலி அஸ்கர் திரும்பவும் கூப்பிட்டான். திரும்பவும் அதே சொல். அப்புறம் யாரோ அவனிடம் குனிந்து என்னவோ சொன்னார்கள். வீடியோக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். மைதீன் பாத்திமா மேடையிலிருந்து இறங்கி வந்து, ஷஃபீகாவின் மடியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். முரட்டுத்தனமாக ஒன்றும் எடுக்கவில்லை. பைய, தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து சாமானை உருவுகிற மாதிரி எடுத்தாள். ஷஃபீகாவும் விட்டுவிட்டாள். கறுப்பு மணி ஸமீஹாவின் கழுத்தில் ஏறியது. பெண்கள் எல்லார் வாயும் ஒன்றாகத் திறந்தது. குரவை.

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனபிறகும் ஷஃபீகா அதே நாற்காலியில் இருந்தாள். அலி அஸ்கரை ஆண்கள் கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகிறபோது அவன் அவளைப் பார்க்காமல் போனான். முகம் கன்றிப்போயிருந்தது. நாலு பேர் முன்னால் மேடையில் நிற்கவைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. நினைக்கட்டும்.

ஸமீஹா மேடையிலிருந்து இறங்கி, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைக் காட்டி, இதில் பேசலாமா என்று கேட்டாள். ஷஃபீகா நீட்டினாள்.

பெண் குரல்: ஏன் மாமி வரல? அவுக எவ்வளவு ஆசையாக் கூப்பிட்டாக.

ஷஃபீகா அவள் கழுத்தில் கிடந்த கறுப்பு மணிகளைப் பார்த்தாள்.

பெண் குரல்: நா பக்கத்துலதான இருந்தேன். எல்லாரு முன்னாலயும் உம்மான்னுதான் கூப்பிட்டாக மாமி.

அந்த வரியை ஷஃபீகா இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தாள். சந்தோசப்படு என்று சொல்கிறாளா. மன்னித்துவிடு என்று சொல்கிறாளா. பெண்ணின் முகம் இரண்டுக்கும் பொருந்தியது.

எழுதிக் காட்டு என்று சொல்லலாம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் யோசிக்க நேரம் கிடைத்துவிடும். யோசிக்க நேரம் கிடைத்தால் யாரும் நல்லதைத்தான் எழுதுவார்கள். ‘என் தாய்க்காக’ என்று எழுதினார்களே, அது மாதிரி.

அவள் தன் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி. அதிர்வு விரலில் தெரிய வேண்டும். தனியாக இருக்கும்போது தொட்டிலுக்கு மட்டும் கேட்கப் பேசிய வாய், வேறொரு ஆளுக்கு முன்னால் இத்தனை வருசத்துக்கு அப்புறம் திறந்தது.

“ஊமையா?” என்று கேட்டாள். “உம்மாவா?”

ஸமீஹா திடுக்கிட்டாள். ஆனாலும் பின்வாங்கவில்லை, நல்ல பெண். பேசியது விளங்காமல், போனை எடுத்து ஷஃபீகாவின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஷஃபீகா திரும்பவும் கேட்டாள், நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து திரையைப் பார்த்தார்கள்.

(பின்னணி இரைச்சல்)

வீட்டில் எல்லார் குரலையும் அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தான். இந்த ஒரு குரல்தான் அதற்குத் தெரியாது.

ஸமீஹா என்ன செய்வதென்று தெரியாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்து, ஆமாம் என்று தலையாட்டினாள். எதற்கு ஆமாம் என்று ஷஃபீகா கேட்கவில்லை.